கிட்டாரின் கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

"பத்தாயிரத்துக்குள்ள நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் எது?" என்று யாராவது கேட்டால், உடனே ஒரு மாடல் பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு கிட்டார்களைக் கடையில் அடுத்தடுத்து மடியில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் எஃப் கார்டு (chord, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடி) ஓரளவு பிடிபடும். இன்னொன்றில் ஜி கார்டுக்கே விரல் நுனி எரியும். விலைச்சீட்டு இரண்டிலும் ஒன்றுதான். அதனால் மாடல் பெயரைவிட, கையில் எடுத்த அந்த ஒரு கிட்டாரை எப்படிச் சோதிப்பது என்பதுதான் முக்கியம். அதைத்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன். பெயர்களும் கடைசிப் பக்கம் வரும்.

முதலில் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம். ஏழாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரைக்குமான கிட்டார்களின் சத்தத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கடைக்காரர் ஒவ்வொன்றையும் மீட்டி "இதோட டோனைக் கேளுங்க சார்" என்பார். வித்தியாசம் இருக்கிற மாதிரியும் தோன்றும். பாதி நேரம் அது கம்பி பழசா புதுசா என்பதன் வித்தியாசம். இந்த விலையில் மேல்பலகை அநேகமாக லேமினேட்தான், அதாவது மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த பலகை. உள்ளே தாங்கும் கட்டைகளின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. சத்தத்தில் ஜாதகம் பார்க்க இங்கே அதிகம் இல்லை. கழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கழுத்து நேராக உட்கார்ந்திருக்கிறதா, கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, ஃப்ரெட்டுகள், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள், ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, சுருதி கூட்டும் கீ பிடித்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அந்தக் கிட்டார் வாசிக்கப்படுமா, இல்லை பீரோ மேல் ஏறிவிடுமா என்பதை முடிவு செய்வது இதுதான்.

எண்பது தொண்ணூறுகளில் கிட்டார் கற்றுக்கொண்டவர்களுக்குக் கொல்கத்தாவில் செய்த கிட்டார்கள் நினைவிருக்கும். கிவ்சன், ஹாப்னர் என்ற பெயர்கள் சர்ச் கொயரிலும் கல்லூரி விடுதியிலும் புழங்கியவை. யமஹா வைத்திருப்பவர் பணக்காரர், அல்லது வெளிநாட்டில் அவருக்கு ஒரு சித்தப்பா இருப்பார். அந்தக் காலத்துக் குறைந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் கம்பி ஃப்ரெட்டிலிருந்து எங்கோ உயரத்தில் நிற்கும். விரல் தோல் உரிந்து காய்த்துப்போகும். "வலிக்கத்தான் செய்யும், வலிச்சாத்தான் வித்தை வரும்" என்று சொல்லிக் கொடுத்தவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதில் ஒரு பகுதி உண்மை. இரும்புக் கம்பியில் முதல் சில வாரங்கள் யாருக்கும் வலிக்கும். மீதிப் பகுதி, கம்பியின் உயரத்தைக் குறைத்திருந்தால் இல்லாமல் போயிருக்கும் வலி. அதைத் தாங்க முடியாமல் "எனக்கு இசை வராது" என்று முடிவு கட்டி விட்டவர்கள் ஏராளம். இன்றும் ஆன்லைனில் மூவாயிரத்துக்கு வரும் கிட்டார்களில் இதே கதை தொடர்கிறது.

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள இந்த உயரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அளப்பது வழக்கம். அந்த ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை, தடித்த ஈ கம்பிக்கு இரண்டரை மி.மீ. அளவில், மெல்லிய ஈ கம்பிக்கு இரண்டு மி.மீ.க்குள் இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். கடைக்கு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போகக் கூச்சமாக இருந்தால் ஏடிஎம் கார்டு போதும். உலகம் முழுக்க அதன் தடிமன் ஒன்றுதான், 0.76 மி.மீ. எழுத்து புடைக்காத தட்டையான கார்டுகள் நாலு எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த கம்பிக்கு அடியில் மூன்றை அடுக்கி நுழைத்தால் கம்பியைத் தூக்காமல் போக வேண்டும். நான்காவது போகக் கூடாது. மெல்லிய கம்பிக்கு இரண்டு போகலாம், மூன்றாவது போகக் கூடாது. நாலு கார்டும் தாராளமாக உள்ளே போனால் அந்தக் கிட்டாரைச் சும்மா வைத்துவிட வேண்டாம், அடுத்த சோதனையையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சேடில். மேல்பலகையில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையின் மேல் கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைப் பட்டை. ஆக்‌ஷன் அதிகமாக இருந்தால் இதைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்த்துத்தான் குறைப்பார்கள். கணக்கு சுலபம்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மி.மீ. குறைய, சேடிலில் இரண்டு மி.மீ. தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருக்கிறது. ஆக, சேடில் பிரிட்ஜுக்கு மேல் மூன்று நான்கு மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் கவலை இல்லை. ஆக்‌ஷன் உயரமாக இருந்தாலும் தேய்த்துச் சரி செய்துவிடலாம். ஆனால் சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு மட்டமாக அமுங்கியிருக்கிறது, கம்பியோ இன்னும் உயரத்தில் நிற்கிறது என்றால், கழுத்து உடம்போடு சேரும் கோணமே கோணல். அதைச் சரி செய்யக் கழுத்தைப் பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதைத் தொடாதீர்கள். இந்த ஒரு சோதனையைத்தான் வாங்குபவர்கள் யாரும் செய்வதில்லை.

மறுமுனையில் நட். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட துண்டு. தொழிற்சாலையில் இந்தப் பள்ளங்களை வேண்டுமென்றே கொஞ்சம் ஆழம் குறைவாக வெட்டி அனுப்புகிறார்கள். அதிகம் வெட்டிவிட்டால் கம்பி கரகரக்கும், துண்டையே மாற்ற வேண்டியிருக்கும். குறைவாக வெட்டினால் வாங்கியவர் பாடு. எஃப் கார்டு பலருக்கும் எட்டாக்கனியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த நட்தான். சோதிக்க, இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தலைமுடி நுழையும் அளவு இருந்தால் போதும். நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தால் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். தெரிந்தவர் கையில் பத்து நிமிஷ வேலை. வீட்டில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு முயற்சிக்க வேண்டாம்.

கழுத்து நேராக இருக்கிறதா என்பதைப் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். லேசாக முன்பக்கம் வளைந்திருப்பது சரியானதுதான், கம்பி அதிர இடம் வேண்டுமே. முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. கழுத்துக்குள்ளே ட்ரஸ் ராடு என்று ஒரு இரும்புக் கம்பி இருக்கும். ஆலன் கீ போட்டுத் திருப்பினால் வளைவு கூடும் குறையும். அது இல்லாத இரும்புக் கம்பிக் கிட்டாரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இன்னொன்று: ஆக்‌ஷன் அதிகம் என்று சொன்னதும் சில கடைகளில் உடனே ட்ரஸ் ராடைத் திருகி "இப்பப் பாருங்க" என்பார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கும். வளைவைச் சரி செய்யும் வேலைதான் அதனுடையது, உயரத்தைக் குறைப்பது சேடிலின் வேலை. அளவுக்கு மீறித் திருகினால் முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி இடிக்கத் தொடங்கும்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒருமுறை மீட்டிப் பாருங்கள். நூறு தடவைக்கு மேல் ஆகும். கடைப் பையன் முகம் மாறும். பரவாயில்லை. எங்காவது ஒரு இடத்தில் மட்டும் கரகரத்தால் அங்கே ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. கையைக் கழுத்தின் ஓரமாக மேலும் கீழும் ஓட்டுங்கள், ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையில் கீறக் கூடாது. கைப்பேசியில் ஒரு ட்யூனர் செயலியைப் போட்டு, கம்பியைத் திறந்தபடி ஒருமுறையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒருமுறையும் மீட்டினால் இரண்டு தடவையும் முள் நடுவில் நிற்க வேண்டும். இரண்டாவது தடவை மட்டும் நன்றாகத் தள்ளிப்போனால், கழுத்தின் மேல்பகுதியில் எதை வாசித்தாலும் அபசுரமாகத்தான் ஒலிக்கும்.

வாசிக்கவே தெரியாதவர் இதையெல்லாம் கடையில் எப்படிச் செய்வது என்று கேட்கலாம். மேலே சொன்னதில் எதற்கும் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, அழுத்தி மீட்டத் தெரிந்தால் போதும். என்னோடு கடைக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, வாசிக்க ஒரு பிடி கூடத் தெரியாமல், ஏடிஎம் கார்டுகளை வைத்தே வரிசையாக நின்ற கிட்டார்களில் பாதியைக் கழித்துக் கட்டினாள். "அண்ணா, இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். சத்தத்தைக் கேட்க மட்டும் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி எதிரே நில்லுங்கள். கிட்டார் முன்னோக்கித்தான் பேசும், மடியில் வைத்திருப்பவருக்கு அதன் முழுக்குரல் கேட்காது.

சரி, மரம். "சாலிட் டாப்" வாங்கு, மற்றதெல்லாம் குப்பை என்று இணையத்தில் ஒரு கட்சி உண்டு. சாலிட் என்றால் ஒட்டுப்பலகை இல்லாத முழுப்பலகை. அது சுதந்திரமாக அதிரும், வருஷம் போகப்போகக் குரல் விரியும். இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நான் தயங்குவது இரண்டு காரணங்களால். ஒன்று, பதினைந்தாயிரத்துக்குக் கீழே சாலிட் டாப் தேடினால் அந்தப் பணத்தை வேறெங்கோ மிச்சம் பிடித்திருப்பார்கள், பெரும்பாலும் கழுத்து வேலையிலும் கீயிலும். இரண்டாவது, நம் ஊர்க் காற்று. கிட்டார் செய்பவர்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சென்னையில் வருஷத்தில் பல நாட்கள் அது 70-ஐத் தாண்டுகிறது. மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், மேல்பலகை வீங்கி எழும்பும், அதோடு பிரிட்ஜும் எழும்ப, ஆக்‌ஷன் தானாக ஏறும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் மறுபடி சுருங்கும். முழுப்பலகைக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. லேமினேட் அதைப் பெரிதாக லட்சியம் செய்வதில்லை. கடற்கரை ஊரில், ஈரப்பதம் பார்க்கும் கருவியெல்லாம் வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு, முதல் கிட்டார் லேமினேட்டாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

விளம்பரத்தில் ஒரு சின்ன வார்த்தை விளையாட்டு இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ப்ரூஸ் என்பது மேல்பலகைக்குப் போடும் ஒரு மரம். "ஸ்ப்ரூஸ் டாப்" என்று மட்டும் போட்டிருந்தால் அது அநேகமாக லேமினேட். "சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்" என்று போட்டிருந்தால்தான் முழுப்பலகை. சந்தேகமாக இருந்தால் நடுவில் உள்ள வட்டத் துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே தொடர்ந்து இறங்கினால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் லேமினேட்.

மரம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. லட்சக்கணக்கில் விலை போகும் அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றின் பின்பக்கமும் பக்கவாட்டும் நம்ம ஈட்டி மரம். நீலகிரி, வயநாடு பக்கத்து அதே ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். அதற்கு முன் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்தான் பேர்போனது. பிரேசில் முழுக்கட்டைகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், 1833-ல் தொடங்கிய மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிட்டார் கம்பெனி 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017-ல் ஈட்டி உட்பட அந்த மரக் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, குறைந்த விலைக் கிட்டார்களிலும் விரல்பலகைக்கு (ஃப்ரெட்டுகள் பதிந்திருக்கும் பலகை) வேறு மரங்களைத் தேடிப் போனார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்கு கிடைத்தது. நம் பட்ஜெட்டில் விரல்பலகை ஈட்டியா வேறு மரமா என்பது வாசிப்பில் எதையும் மாற்றாது. ஆனாலும் எனக்கு ஈட்டி என்றால் ஒரு தனிப் பிரியம்.

உடம்பின் அளவைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை ட்ரெட்நாட் என்ற பெரிய, இடுப்பு அதிகம் குறுகாத வடிவம். 1906-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். 1916-ல் மார்ட்டின் கம்பெனி இந்த வடிவத்தை டிட்சன் என்ற பாஸ்டன் கம்பெனிக்காக முதலில் செய்தது. குரல் பெரிசு, கம்பிகளை எல்லாம் சேர்த்து மீட்டும் ஸ்ட்ரம்மிங்குக்கும் பாட்டுக்குத் துணையாகப் போவதற்கும் நல்லது. ஆனால் தோள் குறுகலாக இருப்பவர்களுக்கும் சின்னவர்களுக்கும் வலது கை அந்தரத்தில் தொங்கும், ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும். அவர்கள் கன்சர்ட் என்ற கொஞ்சம் சின்ன வடிவத்தைக் கேட்டு வாங்கலாம், விலை ஏறக்குறைய அதேதான். விரலால் மீட்டுபவர்களுக்கும் அதுதான் வசதி. பத்து வயதுக் குழந்தைக்கு "வளர்ந்தா சரியாயிடும்" என்று முழு அளவு வாங்காதீர்கள். பள்ளிச் சீருடை இல்லை அது.

நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டாரும் யோசிக்கத் தக்கதுதான். விரலுக்கு மெத்தென்று இருக்கும், கழுத்து மட்டும் அகலம். இளையராஜாவின் பாட்டுகளில் தனியாக மீட்டும் அந்த இதமான குரலுக்காக ஏங்குபவர்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதில் இரும்புக் கம்பியை மாட்டிவிடக் கூடாது. இரும்புக் கம்பியின் 12 செட் (அதாவது மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமன் உள்ள செட்) மொத்தம் எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலானுக்கென்று செய்த பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வைத்த எலக்ட்ரோ அக்கூஸ்டிக் வேண்டுமா? சர்ச்சிலோ மேடையிலோ ஸ்பீக்கரில் சொருகி வாசிக்கப்போகிறீர்கள் என்றால் வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டாயிரம் மூவாயிரத்தைக் கிட்டாரிலேயே போடுங்கள். பை, ஸ்டாண்ட், கேப்போ, ஸ்ட்ராப், பிக் எல்லாம் சேர்த்து காம்போ என்று தருவதும் அப்படித்தான். எல்லாம் தனித்தனியாக வாங்கினால் பெரிய விலை இல்லை, அதைக் காட்டி மட்டமான கிட்டாரைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

பெயர்கள் கேட்டீர்களே. யமஹா எஃப்280, எஃப்310 இரண்டும் லேமினேட்தான், ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவாக வரும், கழுத்து வேலை சுத்தம். யமஹா 2019-ல் சென்னையை ஒட்டிக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொழிற்சாலை தொடங்கி அங்கே அக்கூஸ்டிக் கிட்டாரும் செய்கிறது. வெளிநாட்டுச் சித்தப்பா காலம் போய்விட்டது. கோர்ட் ஏடி810 இன்னொன்று, பளபளப்பில்லாத மேல்பூச்சு, கழுத்து கைக்கு அடக்கம். பட்ஜெட்டை இருபதாயிரம் தாண்டி நீட்ட முடிந்தால் யமஹா எஃப்ஜி800, ஃபெண்டர் சிடி-60எஸ். இரண்டிலும் மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், இங்கேதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. எஃப்ஜி வரிசை 1966-லிருந்தே வருவது, பழகிய கை. முடிந்தால் பல கிட்டார்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் பெரிய கடைக்குப் போங்கள். 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கி இன்றும் அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரியான இடங்களில் ஒரே மாடலில் இரண்டு மூன்றைக் கேட்டு எடுத்துப் பார்க்கலாம். ஆன்லைனில் அந்த வசதி கிடையாது, வந்ததை ஏற்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும்.

என் சொந்த விருப்பம் செகண்ட் ஹேண்ட். ஆசையாக வாங்கி மூன்று மாதத்தில் விட்டவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், அவர்களின் எஃப்310 ஏறக்குறைய புதுசு, விலை பாதிக்குக் கொஞ்சம் மேலே. மேலே சொன்ன சோதனைகளோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்திருக்கிறது. தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் ஒட்டிய தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கீழே விழுந்த கிட்டார் உடையும் இடம் அதுதான். கம்பி துருப்பிடித்திருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம், எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் ஆயிரத்தைந்நூறைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கையில் பத்தாயிரம் இருந்தால் எட்டரைக்குக் கிட்டார். மீதியில் ஒரு நல்ல கைவேலைக்காரரிடம் செட்டப், அதாவது நட், சேடில், ட்ரஸ் ராடு மூன்றையும் உங்கள் கைக்குச் சரி செய்வது. அதோடு ஒரு செட் புதுக் கம்பி. ஆரம்பத்தில் 10 அல்லது 11 செட் போடச் சொல்லுங்கள், 12-ஐவிட இழுப்பு குறைவு, விரலுக்கு இதம். கை பழகியபின் 12-க்குப் போகலாம். செட்டப் செய்யும்போது எந்தக் கம்பி மாட்டப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கம்பியின் இழுப்புக்குத் தக்கபடிதான் கழுத்தை வைப்பார்கள். புதுக் கம்பி முதல் இரண்டு நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கீ சரியில்லை என்று கடைக்கு ஓட வேண்டாம், ஒவ்வொரு கம்பியையும் மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி கூட்டுங்கள், நின்றுவிடும். வாசித்து முடித்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பியை அதன் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கடற்கரை ஊரில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் கம்பி ஒரு மாதத்தில் கறுத்துவிடும்.